பத்து நிமிட வேலைக்கு என்ன கூலி?

டெல்லியில் ஜனவரிக் குளிர் இறங்கிவிட்டால், காலையில் கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு சத்தம் கேட்கும். சாவியைத் திருப்பத் திருப்ப ‘டக், டக்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடங்கிப்போகும் வண்டிகளின் சத்தம். குளிரில் பேட்டரியின் வலு குறையும். மூன்று நான்கு வருடம் உழைத்த பேட்டரி என்றால் படுத்தே விடும். அப்போது கூப்பிடுவதற்கு ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு உஸ்தாத், அதாவது மெக்கானிக், இருப்பார். மயூர் விஹாரில் எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார். மேம்பாலத்துக்கு அடியில், ஒரு மரப்பெட்டியும் ஜாக்கியும்தான் அவருடைய கடை.

பக்கத்து வீட்டு மாமாவின் வண்டி இப்படி ஒரு காலையில் மக்கர் செய்தது. உஸ்தாத் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வெந்நீர் கேட்டார். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்ததை வெந்நீர் ஊற்றிக் கரைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார், கிளாம்பை இறுக்கினார், மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். நானூறு ரூபாய் கேட்டார். மாமா நூறு ரூபாயை நீட்டினார். “பார்ட் எதுவும் போடலையே, எதுக்கு நானூறு?”

“பேட்டரி போச்சுன்னு சொல்லியிருந்தா அஞ்சாயிரம் கொடுத்திருப்பீங்க, சாப்” என்றார் உஸ்தாத். கடைசியில் இருநூறு வாங்கிக்கொண்டு போனார்.

மாமா கெட்டவர் இல்லை. நம்மில் பெரும்பாலோர் பேசும் பேச்சுதான் அது. ஆனால் உஸ்தாத் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பேட்டரியை மாற்றச் சொல்லியிருந்தால், கடைக்காரர் தரும் கமிஷனும் பழைய பேட்டரிக்குக் கிடைக்கும் காசும் சேர்ந்து, கேட்ட நானூறைவிட அதிகமாகவே அவர் கைக்கு வந்திருக்கும். மாமாவும் முணுமுணுக்காமல் பணத்தை எடுத்திருப்பார், ஏனென்றால் புதுசாக ஒரு பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது. பொருளுக்குக் கொடுக்க நமக்குக் கை கூசுவதில்லை. வேலைக்குக் கொடுக்கத்தான் கூசுகிறது.

காஷ்மீரி கேட் பக்கம் போனவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். வட இந்தியா முழுவதற்கும் கார் உதிரிபாகங்கள் மொத்தமாகப் போகிற சந்தை அது. அங்கே ஒவ்வொரு டப்பாவின் மேலும் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும், அது சட்டம். மெக்கானிக்குக் கடைக்காரர் அதில் ஒரு கழிவு கொடுப்பார். மெக்கானிக் நம்மிடம் டப்பாவில் உள்ள விலையை வாங்குவார். அந்த வித்தியாசம்தான் பல இடங்களில் அவருடைய உண்மையான கூலி. ‘லேபர்’ என்று தனியாகச் சொல்வது பெயருக்குத்தான். கூலியைப் பொருளுக்குள் ஒளித்து வாங்கினால் வாடிக்கையாளர் கேள்வி கேட்பதில்லை என்பதை நாம்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தோம். இதில் தோற்பவர் தேய்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர். பிழைப்பவர் கழற்றி மாட்டுகிறவர்.

பெரிய கம்பெனிகளும் இந்த வழியில்தான் போயின. 2011ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் பதிவானது. கார் கம்பெனிகள் அசல் உதிரிபாகங்களையும், கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும், பழுதுபார்ப்புக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை. வண்டி வாங்கியவர் தங்கள் டீலரிடமே போக வேண்டியிருக்கிறது, அங்கே சொன்னதுதான் விலை என்பது புகார். விசாரணை முதலில் குறிப்பிட்ட கம்பெனிகளைத் தாண்டி விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி, 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஆணையம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2022 டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்ற பெயரில் ஓர் இணையதளத்தை மத்திய அரசு தொடங்கியது. கையேடும் கருவியும் மேம்பாலத்துக்கு அடியில் இருப்பவர் கைக்கும் போய்ச்சேர்ந்தால்தான் நமக்கு நியாயமான விலை கிடைக்கும். வேறு இடத்துக்குப் போக வழியில்லாத வாடிக்கையாளரிடம் சொல்லப்படும் எந்த விலையையும் நியாயம் என்று ஏற்க முடியாது.

கம்பெனி ஒர்க்ஷாப்பில் இன்னொரு வழக்கம் உண்டு. இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் என்று அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். கைதேர்ந்தவர் அதில் பாதி நேரத்தில் முடித்தாலும் பில்லில் ஏறுவது அட்டவணை நேரம்தான். குளிர்சாதன அறையில் காபி குடித்தபடி அந்த பில்லைக் கட்டுகிற நாம், ‘பத்து நிமிடத்தில் முடித்துவிட்டானே’ என்று கேட்பதில்லை. நம் கண்முன்னால் குனிந்து வேலை செய்கிறவரிடம் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறோம். இது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். வேகமாக முடிப்பது அவருடைய திறமை. அதற்குக் கூலியைக் குறைத்தால், அடுத்த முறை அரை மணி நேரம் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்துவிட்டுத்தான் எழுந்து வருவார்.

சரி, எவ்வளவுதான் கொடுக்கலாம்? டெல்லி அரசு 2024 அக்டோபரில் அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தில், திறன்பெற்ற தொழிலாளிக்கு மாதம் 21,917 ரூபாய். 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 843. எட்டு மணி நேரம் என்றால் மணிக்குச் சுமார் 105. இந்தக் கணக்கைக் காட்டி ‘பத்து நிமிடத்துக்குப் பதினெட்டு ரூபாய்’ என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் அது மாதம் முழுக்க வேலையும் சம்பளமும் உறுதியாக உள்ளவரின் கணக்கு. உஸ்தாதுக்கு ஒரு நாளில் நான்கைந்து அழைப்பு வந்தால் நல்ல நாள். நடுவில் உள்ள நேரமெல்லாம் காத்திருப்பு. வந்துபோகும் பெட்ரோல், கருவிகள், மழை நாள், காய்ச்சல் நாள் எல்லாம் இந்த நான்கைந்து பத்து நிமிடங்களிலிருந்துதான் வர வேண்டும். வீட்டுக்கு வந்து, சரியான கோளாறைக் கண்டுபிடித்து, பொருள் எதுவும் மாற்றாமல் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தால் முந்நூறிலிருந்து ஐந்நூறு வரை நியாயம் என்பது என் கணக்கு. மாமா கொடுத்த இருநூறு குறைவு.

மறுபக்கமும் இருக்கிறது. மழைக்காலத்தில் மின்டோ பாலத்தின் அடியில் தண்ணீர் கட்டி, வண்டி நடுவில் நின்றுவிட்டால் விலை வேறு. தள்ளிவிட நாலு பேர் ஓடிவருவார்கள், அவர்கள் பின்னால் மெக்கானிக்கும் வருவார். காரில் குழந்தை அழுகிறதா, ஓட்டுகிறவர் பெண்ணா, வண்டி எந்த மாநிலப் பதிவு என்று பார்த்து விலை ஏறும். முழங்கால் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர் ஒன்றரை மடங்கு, ஏன் இரண்டு மடங்கு கேட்டாலும் நான் கொடுப்பேன். அது அவர் படுகிற சிரமத்துக்கு. ஆனால் எதிரில் இருப்பவருக்கு வேறு வழியில்லை என்பதற்காக ஏற்றுகிற ஒவ்வொரு ரூபாயும் பிடுங்கலே. கம்பெனிக்குப் பொருந்தியது இவருக்கும் பொருந்தும்.

பட்டினப்பாலை புகார் நகரத்து வணிகர்களைப் பாராட்டும்போது, வாங்குவதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லாதவர்கள் என்கிறது. சரக்குக்கு நியாயம் பார்க்க நிறுக்கவும் அளக்கவும் நம்மிடம் அந்தக் காலத்திலிருந்தே வழி இருந்திருக்கிறது. வேலைக்கு அப்படி ஓர் அளவு இன்னும் அமையவில்லை. அதனால்தான் “எவ்வளவு வேணும்?” என்று கேட்டால், பல மெக்கானிக்குகள் “உங்களுக்குச் சரின்னு படறதைக் கொடுங்க” என்கிறார்கள். கேட்க இதமாக இருக்கும். ஆனால் பின்னால் வரும் சண்டைக்கு வேர் அதுதான். வேலை தொடங்கும் முன்பே சொன்ன விலை, கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், வேலை முடிந்தபின் சொல்லும் விலையைவிட நியாயமானது; கட்டாது என்றால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மிக மலிவான கடைகள் சிலவற்றில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஒரு ‘சோட்டு’ நிற்பான். வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். தொழில் கற்கிறான் என்பார்கள். கூலி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பது குற்றம். நமக்கு மிச்சமான நூறு ரூபாய் அந்தப் பையனுடைய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அந்தக் கடையில் நான் வண்டியை விடுவதில்லை.

கார் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பானெட்டைத் திறக்கும் முன்பே கூலியைக் கேளுங்கள். பொருள் மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள், டப்பாவையும் வாங்கிப் பாருங்கள். எதையும் மாற்றாமலே ஒருவர் வண்டியைச் சரிசெய்துவிட்டால், பேசிய தொகையை முழுசாகக் கொடுங்கள், அவர் எண்ணை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.