மேசா வெர்டே: பாறைக் குடைவில் ஓர் ஊர்

செவ்வாய், மாலை

கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலை. மேசா வெர்டே தேசியப் பூங்காவின் நுழைவாயிலிலிருந்து நான்கு மைல் வளைந்து வளைந்து ஏறினால் மோர்ஃபீல்ட் முகாம். ஓக் புதர்களுக்கு நடுவே கூடாரங்கள் எழும்புகின்றன. கருங்கரடி நடமாடும் இடம் என்பதால் சாப்பாட்டுப் பாத்திரம் முதல் பற்பசை வரை எல்லாம் வண்டிக்குள் போய்விடுகின்றன. ஏழாயிரம் அடிக்கு மேலான உயரம். கோடையிலும் ராத்திரியில் கம்பளி வேண்டும். வானத்தில் பால்வீதி தெளிவாகத் தெரிகிறது.

புதன், காலை

முகாமிலிருந்து கிளிஃப் பேலஸ் என்னும் பாறை ஊருக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத மலைப்பாதை. ரேஞ்சர் துணையின்றி யாரும் இறங்க முடியாது. முன்கூட்டியே சீட்டு வாங்கியிருக்க வேண்டும். மேட்டின் விளிம்பில் நின்று பார்க்கும்போதே பேச்சு அடங்கிவிடுகிறது. தலைக்குமேல் கவிந்த பாறைக்கு அடியில் ஏறத்தாழ 150 அறைகள், கோபுரங்கள், தரைக்குள் இறங்கும் இருபதுக்கும் மேற்பட்ட வட்டக் கூடங்கள். ‘கிவா’ எனப்படும் இவை வழிபாட்டுக்கும் கூடிப் பேசவும் ஆனவை. நூறு பேரளவில் இங்கே வாழ்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. பூங்காவில் இப்படிப்பட்ட பாறை வீடுகள் சுமார் 600. பெரும்பாலானவை ஐந்து அறைகளைத் தாண்டாதவை.

இந்தக் குடைவை மனிதர் வெட்டவில்லை, தண்ணீர் வெட்டியது. மணற்பாறைக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள களிப்பாறை வழிவிடாததால் பக்கவாட்டில் கசிகிறது. குளிரில் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கிறது. அந்தக் கசிவைத்தான் இங்கே வாழ்ந்தவர்கள் குடங்களில் பிடித்துக் குடித்தார்கள். வீட்டுக்குக் கூரையும் குடிக்க நீரும் கொடுத்தது ஒரே ஊற்று. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி எல்லாம் மேட்டின் உச்சியில் விளைந்தன. பாறையில் கையும் கால்விரலும் பற்றும் அளவுக்குக் கொத்திய குழிகள்தாம் வயலுக்குப் போகும் வழி. அறுவடையும் அதே வழியில் இறங்கியது.

புதன், பிற்பகல்

இன்னொரு பாறை வீடான பால்கனி ஹவுஸில் 32 அடி மர ஏணி. வெளியேறும் வழியில் 18 அங்குல அகலச் சுரங்கம். பெரியவர்கள் முழங்காலிட்டுத் தவழ்கிறார்கள். பூங்காவில் ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருப்பவர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம். இந்த வீடுகளில் நாளைக் கழிக்க எத்தனை உடல்வலு வேண்டியிருந்தது என்பதை வேறெந்த விளக்கமும் இப்படிச் சொல்லாது.

வியாழன், காலை

1888 டிசம்பரில் மாடு தேடி வந்த ரிச்சர்ட் வெதரில், சார்லி மேசன் இருவரும் கிளிஃப் பேலஸைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று பல நூல்கள் எழுதுகின்றன. இப்படி ஓர் இடம் இருப்பதை ‘யூட்’ பழங்குடியினர் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். 1891இல் சுவீடனின் குஸ்தாஃப் நோர்டன்ஷோல்ட் வந்து தோண்டி, பெட்டி பெட்டியாக ஏற்றுமதி செய்தார். டுராங்கோ நகரில் கைது செய்தும், தடுக்கச் சட்டம் இல்லாததால் விட்டுவிட நேர்ந்தது. அந்தச் சேகரிப்பு பின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. தொல்பொருள் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பூங்காவும் 1906 ஜூனில்தான் பிறந்தன. பின்லாந்தில் இருந்த மனித எலும்புகளும் ஈமப்பொருள்களும் திரும்பி வந்து இந்த மண்ணிலேயே அடக்கமாக 2020 வரை ஆயிற்று. நூறாண்டுகளுக்கு மேல் இழுத்த அநீதி அது.

வியாழன், மாலை

உத்தரங்களின் மர வளையங்கள் காலத்தைச் சொல்கின்றன. பாறை வீடுகளில் பெரும்பாலானவை 1190களுக்கும் 1270களுக்கும் இடையே எழுந்தவை. 1276இல் தொடங்கிய வறட்சி 1299 வரை நீண்டது. மண் வளம் குன்றியதும், சுற்றுவட்டாரத்தில் மூண்ட பூசல்களும் சேர்ந்தன. 1300க்குள் ஊர்கள் காலியாயின.

இதைத்தான் ‘மர்மமாக மறைந்த இனம்’ என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். இங்கே வாழ்ந்தவர்கள் தெற்கே, நீர் இருந்த இடங்களுக்குப் போனார்கள். ஹோப்பி, ஸூனி, ஆகோமா, ரியோ கிராண்டே ஆற்றங்கரை புவெப்லோ ஊர்களில் அவர்களின் வாரிசுகள் இன்றும் மக்காச்சோளம் விதைக்கிறார்கள், கிவாவில் வழிபடுகிறார்கள்.

மேசா வெர்டேக்குப் போகிறவர்கள் சுவரில் சாய வேண்டாம், பானை ஓட்டுத் துண்டு ஒன்றைக்கூட எடுக்க வேண்டாம். நேரமிருந்தால் அப்படியே நியூ மெக்சிகோவுக்கு வண்டியைத் திருப்பி, ஆகோமாவில் அந்த ஊராரே வழிகாட்டும் சுற்றுலாவில் சேருங்கள். இந்தப் பாறை வீடுகளின் கதை அங்கேதான் தொடர்கிறது.