ஜிம்மியோடு வசாய்க் கோட்டைக்கு

மும்பை மான்குர்த்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தால், "நாயை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?" என்ற கேள்விதான் முதலில் வரும். பக்கத்து வீட்டு அத்தை சோறு வைப்பார். நாங்கள் இல்லாவிட்டால் ஜிம்மி தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் வசாய்க் கோட்டைக்கு அதையும் கூட்டிக்கொண்டே கிளம்பினோம். ஹார்பர் லைன் ரயில் நெரிசலில் நாயோடு ஏறுவது ஆகாத காரியம். மச்சானின் டெம்போவே கதி.

"வாந்தி எடுத்தா நீதான் வண்டிய கழுவணும் மாப்ள" என்ற நிபந்தனையோடு மச்சான் சாவியைத் திருகினார்.

விடிவதற்குள் தாணேயைத் தாண்டி கோட்பந்தர் சாலையைப் பிடித்துவிட்டோம். இந்தச் சாலையின் ஒரு பக்கம் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு. அங்குள்ள சிறுத்தைகள் காட்டோரத் தெருநாய்களையும் அடித்துத் தின்பவை. டீ குடிக்க நிறுத்தியபோதும் ஜிம்மியைக் கீழே இறக்கவில்லை. பிறகு கழிமுகப் பாலம் ஏறி இறங்கி வசாய்.

குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534 டிசம்பரில் போர்த்துகீசியரோடு செய்த உடன்படிக்கையில் வசாய் கைமாறியது. கூடவே மும்பையின் ஏழு தீவுகளும் போயின. அன்று வசாய்தான் பெரிய இடம், மும்பை வெறும் கொசுறு. போர்த்துகீசியர் தங்கள் வட மாகாணத்துக்கு வசாயையே தலைநகராக்கினர். பத்துக் கொத்தளங்களோடு மதில் எழுப்பி, அதற்குள் வீடுகள், மடங்கள், தேவாலயங்கள் என ஒரு முழுப் பட்டினத்தையே கட்டினார்கள். நம்மூர்த் தரங்கம்பாடியைப் பார்த்தவர்களுக்கு மதில் சூழ்ந்த கடற்கரைப் பட்டினம் புதிதல்ல. தரங்கம்பாடியில் இன்னும் குடியிருக்கிறார்கள்; இங்கே ஆலும் அரசும்தான் சுவருக்குச் சுவர் குடியேறியிருக்கின்றன.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுவரக் கூடாது என்பது 1959-ஆம் ஆண்டு விதி. ஆனால் வசாயில் கோட்டைக்கு நடுவே பொதுச்சாலை ஒன்று கடல்பக்கத்து மீனவர் குடியிருப்பு வரைக்கும் ஓடுகிறது. ஸ்கூட்டரும் ஆட்டோவும் மீன்கூடையும் போகிற அந்தச் சாலையில் ஜிம்மியும் நடக்கலாம். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: நாய் சாலையை விட்டு இறங்காது. ஒருவர் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் உள்ளே போய்ப் பார்த்து வருவது.

முதல் முறை எனக்கு. பிரான்சிஸ்கன் மடத்துத் தேவாலயத்தில் கூரை இல்லை. தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். போர்த்துகீசிய எழுத்தும் குலச்சின்னமும் செதுக்கியவை. மழைநீர் தேங்கித் தேங்கி எழுத்தின் பள்ளங்களில் பாசி பிடித்திருந்தது. விரலால் தடவினால் ஒரு பெயர் தட்டுப்படுகிறது, அடுத்த சொல் தேய்ந்து போயிருக்கிறது. இந்த வசாயில் பிறந்தவர்தான் கொன்சாலோ கார்சியா. 1597-ல் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டு இறந்தார். 1862-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்தவர்களில் முதல் புனிதர் அவர்தான்.

திரும்பி வந்தபோது கோட்டை நாய்கள் நான்கைந்து மச்சானைச் சூழ்ந்து நின்றன. வாலைக் கவட்டுக்குள் நுழைத்துக்கொண்டு ஜிம்மி அவர் காலோடு ஒட்டி நின்றது. அந்த வழியாக வந்த மீன்காரம்மா ஒருவர் மராத்தியில் ஓர் அதட்டல் போட்டார். கூட்டம் கலைந்தது. மதில் யார் கட்டியதானாலும் அதற்குள் காவல் அந்த நாய்களுடையது என்பது ஜிம்மிக்கு அப்போதே புரிந்துவிட்டது.

1739-ல் மராத்தியர்களும் இந்த மதிலோடு நெடுநாள் மல்லுக்கட்டினார்கள். தளபதி சிமாஜி அப்பாவின் படை சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்து, மே மாதம் கோட்டையைப் பிடித்தது. தேவாலய மணிகள் வெற்றிப்பொருளாகப் போயின. அவற்றில் ஒன்று நாசிக் நாரோசங்கர் கோயிலில் தொங்குகிறது. சிமாஜி அப்பாவுக்குக் கோட்டைக்குள்ளேயே சிலை வைத்திருக்கிறார்கள். ஜிம்மி அந்தப் பக்கம் மோப்பம் பிடிக்கக் கிளம்பியதும் மச்சான் வாரைச் சுண்டி இழுத்தார். "ஏற்கெனவே ராய்கட்டில ஒரு நாய் சிலையால வந்த சண்டை போதாதா?" என்றார்.

அவர் சொன்னது வாக்யாவை. சத்ரபதி சிவாஜியின் சிதையில் பாய்ந்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் நாய். ராய்கட் கோட்டையில் இருக்கும் அதன் சிலையை, வரலாற்றுச் சான்றில்லை என்று 2012-ல் சிலர் பெயர்த்தெடுத்தார்கள். பிறகு மறுபடியும் நிறுவப்பட்டது. நம்மிடம் அந்த வம்புக்கே இடமில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் கல்லிலேயே இருக்கிறது.

நாயோடு வசாய் போக நினைப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். இன்னொருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ரேபிஸ் ஊசி போடாமல் நாயை வீட்டு வாசல்கூடத் தாண்ட விடாதீர்கள். தண்ணீரும் கிண்ணமும் எடுத்துக்கொள்ளுங்கள், வாரை அவிழ்க்காதீர்கள், கழிவை நீங்களே அள்ளி வாருங்கள். தார்ச்சாலை சூடேறுவதற்குள் சுற்றி முடித்துவிடுங்கள். இடிபாடுகளுக்குள் நாய் வேண்டவே வேண்டாம். அதற்குச் சாலையும் நிழலும் போதும்.