பைப்படித் தண்ணீர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வளர்ந்த பிள்ளைக்கு விடிகாலையில் எந்தக் கோயில் மணி முதலில் கேட்கும் என்று சொல்ல முடியாது. சாந்த லூசியா தேவாலயம் ஒரு பக்கம், பொன்னம்பலவாணேசர் கோயில் ஒரு பக்கம். பௌர்ணமிப் போயா நாட்களில் மட்டும் தீபதுத்தாராமய பன்சலையின் பிரித் ஓசை எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும்.

அந்தப் பன்சலையின் பெருமை எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. 1883 ஈஸ்டர் ஞாயிறன்று அங்கு போய்க்கொண்டிருந்த பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. நியாயம் கேட்டு, பௌத்தரான அமெரிக்கர் கேணல் ஒல்கொட் லண்டன்வரை போனார். 1885இல் வெசாக் பௌர்ணமி அரச விடுமுறையாயிற்று. அந்த வெசாக்கில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பௌத்தக் கொடியை ஏற்றியதும் இதே முற்றத்தில்தான். பின்னர் சயாம் இளவரசர் ஒருவரே துறவியாகி அங்கு வாழ்ந்திருக்கிறார். எனக்கோ அது பக்கத்து வீட்டு ஆச்சி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் இடம். அவ்வளவுதான்.

ஆச்சி சிங்களம். போயாவுக்கு வெள்ளைச் சேலை கட்டி, அரலியாப் பூக்களைத் தண்ணீர் தெளித்துத் தட்டில் அடுக்குவா. வழியில் எதிர்ப்படுகிறவர்கள் அந்தத் தட்டைத் தொட்டுக் கும்பிடுவார்கள். புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு. எங்கள் கோயிலில் அர்ச்சித்த பூ திரும்பி வரும், அம்மா தலையில் வைப்பா. இங்கே வைத்த பூ வைத்ததுதான். மறுநாள் போனால் கருகிச் சுருண்டு விளக்குமாற்றுக்கு ஒதுங்கியிருக்கும். "ஏன் ஆச்சி எறியினம்?" என்று கேட்டேன். "அதைப் பாக்கத்தான் புதே வைக்கிறது" என்றா.

பட்டாசாராவின் கதையை ஆச்சி சொன்னது பைப்படியில் வைத்து. பன்சலைக்குள் போகுமுன் கால் கழுவிக்கொண்டிருந்தோம். சிங்களமும் உடைந்த தமிழுமாகச் சொன்னா. சாவத்தி நகரத்துப் பணக்காரப் பெண், வீட்டு வேலைக்காரனோடு ஓடிப்போனவள். புருஷனைப் பாம்பு கடித்தது. பச்சைக் குழந்தையைப் பருந்து தூக்கிற்று, மூத்தவனை ஆறு கொண்டுபோயிற்று. தாய் தகப்பனும் அண்ணனும் இடிந்த வீட்டுக்குள். பைத்தியமாய்த் திரிந்தவளைப் புத்தர் தேற்றினார், பிக்குனியானாள். பிறகு ஒருநாள் இப்படித்தான் கால் கழுவினாள்.

ஆச்சி செம்பைச் சரித்துக் காட்டினா. முதல் வார்த்த தண்ணீர் சீமெந்தில் ஒரு சாண் ஓடி நின்றது. இரண்டாவது அதைக் கடந்து போயிற்று. மூன்றாவது விளிம்புவரை ஓடி மண்ணில் இறங்கிற்று. சிலர் சிறு வயதில், சிலர் நடுவயதில், சிலர் கிழமாகி. எவ்வளவு தூரம் ஓடினாலும் வற்றத்தான் வேண்டும். அன்றிரவு பட்டாசாரா அறைக்குள் போய், ஊசியால் விளக்குத் திரியைக் கீழே இழுத்தாள். சுடர் அணைந்த அந்தக் கணத்தில் அவள் மனம் விடுபட்டது. போதி மரமில்லை, தவமேடையில்லை. கழுவிய காலும் அணைத்த விளக்கும் போதுமாயிருந்தன அவளுக்கு. பிக்குனிகளின் பாடல்களான தேரிகாதையில், கால் கழுவியதையும் விளக்கணைந்ததையும் அவளே சொல்வதாக இருக்கிறது. ஞானம் என்றால் காடேறிப் போய்த் தேடுவது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீமெந்துத் தரைதான் நினைவுக்கு வருகிறது.

ஆச்சியின் முன்னறையில் ஒரு பையனின் படம் இருந்தது. வெள்ளைச் சட்டை, வகிடெடுத்த தலை. 1971 ஏப்ரல் இளைஞர் கிளர்ச்சியின்போது வீட்டை விட்டுப் போன மகன். உடலும் வரவில்லை, தகவலும் வரவில்லை. இதை அம்மாதான் சொன்னா, நான் பெரியவனான பிறகு. ஆச்சி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டாசாராவை மட்டும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறா. ஒவ்வொரு தடவையும் செம்பு நிறையத் தண்ணீரோடு.

பின்னாளில் நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறினோம். அப்பா அங்கேதான் காலமானார். எட்டுச் செலவு முடிந்து சனங்கள் கலைந்த இரவு, காலி வீதி பஸ் இரைச்சல் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அம்மா கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் இருந்தா. பன்சலைப் படி ஒருநாளும் மிதிக்காத மனுசி.

"தம்பி, கொட்டாஞ்சேனை ஆச்சி உனக்கொரு கதை சொல்லுவாவே, காலில தண்ணி ஊத்துறது. அதை முழுக்கச் சொல்லு பாப்பம்."

சாவத்தியிலிருந்து தொடங்கினேன். நான் எங்காவது அவசரப்பட்டால் அம்மா நிறுத்தி, விட்ட இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டா.