கட்டளையில் ஒரு கனிவு

மழலைப் பருவத்தில் நாம் முதலில் கேட்டு நடப்பது கட்டளைச் சொற்களையே. "வா", "உண்", "தூங்கு" என்று அன்னை சொல்லச் சொல்லக் குழந்தை மொழி கற்கிறது. பவணந்தி முனிவரும் நன்னூலில் வினைப் பகாப்பதங்களுக்கு 'நட', 'உண்', 'கேள்' முதலிய 23 சொற்களை ஏவல் வடிவிலேயே காட்டுகிறார். தமிழில் வினையின் வேரே கட்டளை. எதையும் கூட்ட வேண்டியதில்லை.

ஸ்பானிய மொழியிலோ சற்றே குறைக்க வேண்டும். அம்மொழியின் வினைகள் அகராதியில் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்னும் மூன்று ஈறுகளில் ஒன்றைப் பெற்றிருக்கும். ஒழுங்கான வினையாயின், நெருங்கியவரை ஏவ இறுதி 'ர்' நீங்கினால் போதும். 'ஆப்லார்' என்றால் பேசுதல். 'ஆப்லா' என்றால் பேசு. 'கொமேர்' உண்ணுதல், 'கொமே' உண். 'எஸ்கிரிபீர்' எழுதுதல், இங்கு மட்டும் ஈற்று உயிரும் மாறி 'எஸ்கிரிபே' ஆகும். மதிப்புக்குரியவரிடமோ 'ஆப்லே', 'கொமா', 'எஸ்கிரிபா' என்பர். ஓர் உயிரொலி மாறியதும் 'பேசு' என்பது 'பேசுங்கள்' ஆகிவிடுகிறது!

இவ்விலக்கணம் துறைமுகத்துக்கு அந்நியமன்று. பழைய கப்பல் கலாசிகளின் பேச்சில் சரக்கை 'இறக்கு' என்பதற்கு 'ஆரியா' என்றொரு சொல் உண்டு. 'அர்ரியார்' என்னும் போர்த்துக்கீசிய வினையில் 'ர்' நீங்கிப் பிறந்த ஏவல் அது. ஸ்பானியத்திலும் அவ்வினை உண்டு. தலைக்கு மேல் பாரம் தொங்கும்போது நீண்ட சொல்லுக்கு நேரமேது? காசிமேட்டிலும் "இழு", "தள்ளு", "நவுரு" என்றே குரல்கள் கேட்கும். அவற்றில் அவமதிப்பு இல்லை. ஏவுகிறவரும் கூடவே தோள் கொடுக்கிறார்.

ஆனால் பாரம் இறங்கிய பிறகும், வயதில் மூத்த உழைப்பாளியைப் பார்த்து "போ", "எடு" என்று ஏவும் இளைஞர்கள் உண்டு. எங்களுள் பலருடைய தந்தையர் துறைமுகத்திலும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளிலும் உழைப்பவர்கள். மூட்டையின் பாரம் இரவு உறக்கத்தில் தீர்ந்துவிடும். அச்சொல்லின் பாரம் தீர்வதில்லை என்பதை நாங்கள் வீட்டில் கண்டிருக்கிறோம்.

நம் செபங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இறைவனிடமும் தேவதாயிடமும் நாம் பேசுவதும் ஏவல் வினையில்தான்: 'தாரும்', 'மன்னியும்', 'வேண்டிக்கொள்ளும்'. 'உம்' சேர்ந்ததும் கட்டளை மன்றாட்டாகிறது. ஸ்பானியர் பரலோக மந்திரத்தில் 'பெர்தோனா', அதாவது 'மன்னி' என்று நெருங்கியவரிடம் பேசும் வடிவிலேயே தந்தையை அழைக்கின்றனர். அங்கே பிள்ளையின் உரிமை. இங்கே பிள்ளையின் பணிவு. இரண்டும் அன்பின் மொழியே.

ஆகவே ஏவலில் குற்றமில்லை. அது யாரிடம், எந்த மனத்தோடு சொல்லப்படுகிறது என்பதே கேள்வி. விண்ணகத் தந்தையிடம் 'உம்' சேர்க்கும் நாவு, மண்ணில் உழைக்கும் தந்தையரிடம் 'ங்கள்' சேர்க்கத் தயங்கலாமா? பள்ளி மணி அடிக்கும் ஐயாவிடமும், மீன்கூடை சுமந்து வரும் அம்மாவிடமும், "வாங்க", "கொடுங்க" என்றே பேசுவோமாக!

— பதினோராம் வகுப்பு மாணவியர்