கறையானும் என் கன்றுகளும்



மீள்குடியேறிய நாட்களில் உங்களில் பலருக்கும் மாங்கன்று, தென்னங்கன்று, பலாக்கன்று என்று ஏதாவது கொடுத்திருப்பார்கள். அவற்றில் எத்தனை இன்று மரமாக நிற்கின்றன? எனக்குக் கிடைத்தவை ஒன்பது. மிஞ்சியது ஒரேயொரு மாமரம்.

2010ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் எங்கள் காணிக்குத் திரும்பினோம். நானும் ஆறு வயது மகளும் மட்டும்தான். அவளுடைய அப்பாவை 2009 மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை. வீடிருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் கிடந்தது. அந்த நிலைமையில் கன்றுகளைத் தந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி விளக்க முடியாது. கிடங்கு வெட்டி, காய்ந்த சாணியும் காய்ந்த சருகும் நிறையப் போட்டு நட்டேன். அதுதான் நான் செய்த முதல் பிழை என்பது பிறகே தெரிந்தது.

ஒரு மாதத்தில் ஒவ்வொரு கன்றாக வாடியது. தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒருநாள் ஒரு பலாக்கன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மண்மட்டத்தில் தோல் முழுவதும் தின்னப்பட்டு, குச்சி மட்டும் மண் பூசியபடி இருந்தது. கறையான்.

கடையில் போய்ச் சொன்னேன். கடைக்காரர் பெரிய கலனிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் ஊற்றித் தந்தார். பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. வெறுங்கையால் கலக்கி ஊற்றினேன். மிச்சத்தைக் கொட்டிலின் தடியில் செருகி வைத்தேன். இரண்டாம் நாள் மகள் அதை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டாள். சோடா என்றுதான் நினைத்தாள். உடனே துப்பிவிட்டதால் பிழைத்தாள். ஆனாலும் இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தோம். "என்ன மருந்து குடிச்சது?" என்று தாதி கேட்டபோது எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. வெறும் போத்தலைத்தான் காட்டினேன்.

நோய் தீர்ப்பதற்கும் உயிர் எடுப்பதற்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல்தான்: மருந்து. இந்தச் சொல்லே பாதி ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி ஒன்று நடந்தால் பிள்ளையை வலிந்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கன்றுகளைப் பற்றிக் கேட்டீர்களானால், அந்த மருந்துக்குப் பிறகும் அவை செத்துத்தான் போயின.

நான் பிறந்தது பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா, அப்பா, சின்னவர்கள் நாங்கள் மூவர் வன்னிக்கு வந்துவிட்டோம். மூத்த அக்கா அதற்கு முந்தின வருடம்தான் கல்யாணம் முடித்திருந்தா, அங்கேயே தங்கிவிட்டா. வன்னியில் எங்களை "மலைநாட்டார்" என்பார்கள். 2012இல் மகளைக் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போனபோது அங்கே நான் "வன்னிக்காரி" ஆகிவிட்டேன்.

போன புதிதில் ஒரு வேடிக்கை. அக்கா, "தங்கச்சி, எனக்கு நாளைக்கு தவறணையில வேலை" என்றா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடக்கில் தவறணை என்றால் கள் விற்கும் இடம். தோட்டத்தில் கன்று வளர்க்கும் இடத்துக்கு அந்தப் பெயர். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா.

அந்தத் தவறணையில்தான் நான் கன்று வளர்க்கப் படித்தேன். தேயிலைக் கன்றுக்கு அடுத்தபடியாக நிழலுக்கு நடும் சவுக்கு, முள்முருங்கை இவைகளும் அங்கே இருந்தன. (வடக்கில் சவுக்கு என்பது வேறு மரம். இங்கே கிரவில்லியாவைத்தான் அப்படிச் சொல்கிறோம்.) அக்காவுக்குப் பள்ளிப் படிப்பு நாலாம் வகுப்பு. ஆனால் கன்று வாடுவதைப் பார்த்தவுடன் அது வெயிலா, வேரா, கறையானா என்று சொல்லிவிடுவா.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எங்கள் மாவட்டம், எங்களைப் போன்ற சனம். அதன் பிறகு மழை பெய்யும் இரவுகளில் எங்கள் லயத்தில் ஒருவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. லயத்துக்குப் பின்னால் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு வெறுமையாக விட்ட சரிவு ஒன்று இருந்தது. மழைக்கு அதிலிருந்து மண் கழுவிக்கொண்டு எங்கள் கானை அடைத்துவிடும். தோட்டத்தில் அனுமதி கேட்டு, 2015 ஐப்பசியில் பெண்கள் பன்னிரண்டு பேர் அதில் நாற்பது கன்றுகள் நட்டோம். சவுக்கு, பலா, ஆனைக்கொய்யா.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரம் நட்டால் மலை சரியாது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். மேல்மண் கழுவிப் போவதை மரம் தடுக்கும். ஆழத்திலிருந்து வரும் சரிவை இளங்கன்று என்ன செய்யும்? நிலத்தில் வெடிப்பு, சுவரில் வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் இடத்தை விட்டு எழும்ப வேண்டியதுதான். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது நாங்களும் அப்படித்தான் இரவோடிரவாகப் பாடசாலைக்குப் போனோம்.

நட்ட முதல் ஆடி மாதம் வந்தது. ஊவாவில் அந்த நாட்களில் கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும். அந்தக் காற்றால்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் வருகிறது என்பார்கள். தேயிலைக்கு வாசம், எங்கள் கன்றுக்கு வாட்டம். வாடிய கன்றைத்தான் கறையான் முதலில் தேடி வரும். பதினொரு கன்று போயிற்று. பெண்கள் சிலர் "மருந்து வாங்குவோம்" என்றார்கள். நான் மாட்டேன் என்று நின்றேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

அக்கா ஒரு கன்றைத் தோண்டிப் பார்த்தா. "இந்தா பாருடி, பழைய தேயிலை வேரு. குழிக்குள்ளயே அதுக்குச் சாப்பாட்ட வச்சிட்டுக் கன்ன நட்டிருக்கோம்" என்றா. பிடுங்கிய தேயிலையின் செத்த வேர்க்கட்டைகள் மண்ணுக்குள் கிடந்தன. கிளிநொச்சியில் நான் போட்ட காய்ந்த சாணியும் சருகும் அதே வேலையைத்தான் செய்திருக்கின்றன. கறையானுக்குப் பிடித்தது பச்சை மரமல்ல, உக்காத காய்ந்த பொருள். அதைத் தேடி வருகிறது, வந்த இடத்தில் கன்றையும் தின்கிறது.

அடுத்த ஐப்பசியில் வேறு மாதிரிச் செய்தோம். கிடங்கை அகலமாக வெட்டி, செத்த வேரெல்லாம் பொறுக்கினோம். கையில் எடுத்தால் மண் வாசம் வருமளவுக்கு உக்கிய எருவை மட்டும் போட்டோம். மூடாக்குச் சருகைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டோம். அதை முழுவதும் அள்ளிக் கொண்டுபோய்விட்டாலும் பிழை. வேறு தீனி இல்லாவிட்டால் கறையான் கன்றுக்குத்தான் வரும். தண்டைச் சுற்றி அடுப்புச் சாம்பல். மழைக்குச் சாம்பல் கரைந்துவிடும், ஆகவே மழை விட்டதும் மறுபடி போட வேண்டும். இது அலுப்பான வேலை. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் இதிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நாள் முழுவதும் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவர்கள்.

வேம்பு எங்கள் குளிர் மலையில் நன்றாக வராது. கிளிநொச்சியில் பக்கத்துக் காணிச் சிநேகிதி ஒவ்வொரு வருடமும் ஆவணி முடிய வேப்பங்கொட்டையை நிழலில் காயவைத்து யாரிடமாவது பஸ்ஸில் அனுப்புவா. பதிலுக்கு நான் தேயிலைத் தூள் அனுப்புவேன். பூஞ்சணம் பிடிக்காத கொட்டையின் பருப்பு அரைக் கிலோவை இடித்து, துணியில் கட்டி, 10 லீற்றர் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, பிழிந்து, வடித்து அன்றைக்கே கன்றின் அடியில் ஊற்றுவோம். அதன் காரம் நீண்ட நாள் நிற்காது. அதற்கும் கையைக் கழுவ வேண்டும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் சரிவில் ஏறி ஒவ்வொரு தண்டாகப் பார்ப்போம். மண் பூச்சு இருந்தால் குச்சியால் சுரண்டிவிடுவோம். கறையானின் மேனி மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்துவிடும், அதனால்தான் மண்ணால் கூரை போட்டுக்கொண்டு ஏறுகிறது. கூரையை உடைத்த ஐந்தாம் நிமிடம் எறும்புகள் வந்து கறையானைத் தூக்கிக்கொண்டு போவதை நீங்கள் பார்க்க வேண்டும். முன்பு எறும்பைக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றுவேன். இப்போது ஊற்றுவதில்லை.

புற்றுதான் பெரிய பிரச்சினையாக வந்தது. சரிவின் மேல் ஓரத்தில் ஆளுயரப் புற்று. அதை அலவாங்கால் தோண்டி, உள்ளே தடித்த மண்கூட்டுக்குள் விரல் நீளத்துக்கு இருக்கும் ராணியை எடுத்துவிட வேண்டும் என்று தவறணைக் கணக்கப்பிள்ளை ஐயா சொன்னார். ராணி தப்பிவிட்டால் புற்று திரும்ப எழும்பும். ஆனால் அந்தப் புற்றுக்கு அக்கா வெள்ளிக்கிழமை தோறும் பாலும் முட்டையும் வைக்கிறா. "நாகம்மா இருக்கிற எடத்துல அலவாங்கு வைக்கவா? ஒம் மரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். புற்றை விட்டுவிட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த விறகுக் கட்டைகளையும் கவ்வாத்துக் கொப்புகளையும் போட்டோம். சாமிக்குப் படையல் என்று அக்கா சொன்னா, கறையானுக்குத் தீனி என்று நான் சொன்னேன். மேல் வரிசையில் அந்த வருடம் இரண்டு கன்றுதான் போயின. மழைக்குப் புற்றில் முளைத்த காளானையும் அக்காதான் ஆய்ந்து கறி வைத்தா.

அந்தக் காளானைப் பற்றி மகள் சொன்ன கதை எனக்கு இன்னும் வியப்பு. தென்னமெரிக்காவில் இலைவெட்டி எறும்புகள் இருக்கின்றனவாம். இளமரத்தின் இலையைத் துண்டு துண்டாக வெட்டித் தூக்கிப் போகும், ஆனால் தின்னாது. நிலத்துக்குள் அந்த இலையில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து அதைத்தான் தின்னும். நம் புற்றுக் கறையானும் அதே கமக்காரன்தான், காய்ந்த பொருளில் பூஞ்சணம் வளர்க்கிறது. பிரேசிலில் பெரிய யூக்கலிப்டஸ் தோட்டங்களில் அந்த எறும்புக்கு சல்ஃப்ளூரமிட் என்னும் நஞ்சை இரையாகப் போட்டார்கள். அது மண்ணில் அழியாது தங்கும் வேறொரு இரசாயனமாக மாறுவது. 2009இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் அந்த வகை இரசாயனங்களைக் கட்டுப்படுத்தியபோதும், இலைவெட்டி எறும்புக்கான இரைக்கு விலக்கு விட்டார்களாம்.

இதைக் கேட்டபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. 1960களில் அவர் தோட்டத்தில் மருந்தடித்தவர். வெறுங்காலோடு, முதுகில் தாங்கியைச் சுமந்து. அந்தக் கதையின் மறுபக்கத்தைக் கணக்கப்பிள்ளை ஐயாதான் சொன்னார். தேயிலை இலையை மடித்துச் சுருட்டும் புழு ஒன்று முன்னர் இலங்கைத் தோட்டங்களை அழித்ததாம். 1935, 36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி என்றதும் தோட்டத்துப் பெண்களுக்கு நடுக்கம் வரும், எத்தனை பேர் கொட்டு வாங்கியிருக்கிறோம்! இது நம்மைக் கொட்டாது. புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். புழு அடங்கியது. பிறகு தேயிலைக் கிளையில் துளைபோடும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். குளவி செத்தது, புழு திரும்ப வந்தது. அப்பா அடித்ததும் அந்த வண்டு மருந்துதான் என்று ஐயா சொன்னார். அப்பா 1998இல் வன்னியில் இறந்துவிட்டார். அவரிடம் இதைச் சொல்ல எனக்குக் கிடைக்கவில்லை.

2021 மே மாதம் இரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்குமதி செய்வதைத் திடீரென நிறுத்தினார்களே, அப்போது எங்கள் சரிவைப் பார்க்கப் பலர் வந்தார்கள். "உங்க வழிதான் சரி" என்றார்கள். எனக்குப் பெருமை வரவில்லை. அந்த வருடம் உரமில்லாமல் கொழுந்து குறைந்து, அக்காவுக்குக் கிலோ நிரம்பாமல் சம்பளம் வெட்டுப்பட்டது. நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஏழு பேருக்கு நாற்பது கன்றைப் பழக்க மூன்று வருடம் பிடித்தது. ஒரு நாட்டை ஒரு நாளில் பழக்க நினைத்தவர்களை என்னவென்று சொல்வது?

இன்று சரிவில் முப்பத்தொரு மரங்கள் நிற்கின்றன. ஆனைக்கொய்யா மூன்று வருடமாகக் காய்க்கிறது. ஏழு வீடும் பங்கு போட்டு மிச்சத்தைப் பசறைச் சந்தைக்குக் கொடுக்கிறோம்.

போன கிழமை கிளிநொச்சிச் சிநேகிதி போன் எடுத்தா. என்னுடைய அந்த ஒற்றை மாமரத்தை அவதான் பார்க்கிறா. அதன் அடியில் புற்று ஒன்று கிளம்பியிருக்கிறதாம். "இடிக்கட்டோ அக்கா?" என்று கேட்டா. மரம் முற்றிவிட்டது, இடிக்க வேண்டாம், முறிந்த கொப்பு காய்ந்து நிற்கிறதா என்று பார்த்து அதைத் தறித்துவிடு என்றேன். வேப்பங்கொட்டை இந்த முறை இரண்டு கிலோ கூட அனுப்பச் சொன்னேன். கீழ் லயத்துப் பிள்ளைகளும் கன்று கேட்டிருக்கிறார்கள்.