சோம்பேறிக் கண்ணும் நம் அமானிதமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

செவி, பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு என்பதை பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உணர்த்துகிறது. ஆகவே பார்வை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். அந்த அமானிதத்தில் ஒரு பகுதி குறைவாக வாய்க்கப் பெற்றவர்கள் நாம். நமது இடக்கண், ‘சோம்பேறிக் கண்’ எனப்படும் நிலையில் உள்ளது.

பெயர் அவ்வாறு இருப்பினும் குழந்தையின் சோம்பலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாறுகண்ணாலோ, இரு கண்களின் பவர் பெரிதும் வேறுபடுவதாலோ, பிறவிக் கண்புரையாலோ ஒரு கண்ணின் காட்சி சிறுவயதில் தெளிவற்றுப் போகிறது. மூளை அதனை ஒதுக்கி, மறு கண்ணை மட்டுமே நம்பப் பழகிவிடுகிறது. நல்ல கண் எல்லா வேலையையும் செய்துவிடுவதால் குழந்தையும் அறியாது, பெற்றோரும் அறியார். நமக்கு இது தெரியவந்தபோது வயது 14.

இன்றும் தொலைவையும் ஆழத்தையும் கணிப்பது நமக்குக் கடினம். ஹவ்ளில் இறங்கும்போது படியின் விளிம்பைக் காலால் தொட்டறிந்த பின்னரே அடி வைக்கிறோம். தேநீர் ஊற்றும்போது பாத்திரத்தின் வாயைக் கோப்பையின் விளிம்பில் முட்டவைத்துக்கொள்கிறோம். தக்கலையில் நெடுஞ்சாலையைக் கடக்க, உடன் நிற்பவரிடம் கேட்டே நடக்கிறோம்.

பிறரிடம் கேட்பதில் இழிவில்லை. பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களுள் ஒருவர். விடிந்துவிட்டது என்று மக்கள் சொன்ன பின்னரே அவர்கள் ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்வார்கள். மதீனா வாசிகள் ஸஹரை நிறுத்தியது அந்தப் பாங்கைக் கேட்டுத்தான். பிறர் கண்களின் துணையோடு ஓர் ஊரின் நோன்பையே அவர்கள் காத்தார்கள்.

எனினும், பொறுமை என்பது மருத்துவத்தைக் கைவிடுவதன்று. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊர்களில் சிலர் இன்றும் சொல்லிக் காலம் கடத்துகின்றனர். உரிய கண்ணாடி, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்தல், சொட்டு மருந்து ஆகியவை இதற்கான சிகிச்சைகள். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. அதன் பின்னரும் சிறுவர் பலருக்குப் பலன் உண்டு. வயது ஏற ஏற வாய்ப்புக் குறைகிறது.

ஐந்து வயதில் பிள்ளைகள் நம் மத்ரஸாவுக்கு வருகிறார்கள். பா, தா, ஸா ஆகிய எழுத்துகளுக்கு வடிவம் ஒன்றே, புள்ளிகளே வேறுபாடு. இவற்றைக் கரும்பலகையில் எழுதி, சற்றுத் தள்ளி நிற்கவைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் புள்ளிகளை எண்ணச் சொல்வோம். பிறகு மறு கண்ணை மூடச் சொல்வோம். ஒரு கண்ணுக்கு மட்டும் புள்ளிகள் கலங்கினாலோ, ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டாலோ, தாமதியாமல் கண் மருத்துவரிடம் அனுப்புவோம். இது மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனால் மருத்துவரிடம் செல்லும் வழியைத் திறந்துவிடும். பள்ளி மாணவர்க்கு அரசின் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் இலவசக் கண்ணாடியும் கிடைக்கிறது.

உஸ்தாத்மார்களே, பெற்றோர்களே! இதற்கு ஐந்து நிமிடம் போதும். நம் பிள்ளைகளின் பார்வையை அல்லாஹ் பாதுகாப்பானாக! அந்த அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.