பின்வளவில் ஒரு நரிக் குடும்பம்

லண்டனில் காட்டு மிருகம் எங்கே பார்க்கலாம் என்று வந்த புதிதில் யாராவது எங்களிடம் கேட்டிருந்தால், மிருகக்காட்சிச் சாலைக்குப் போங்கோ என்று சொல்லியிருப்போம். இப்போது கேட்டால், அல்பேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குசினி யன்னலைக் காட்டுவோம். அந்த யன்னலால் நாங்கள் கண்டதையும், அதனால் எங்கள் வீட்டுக்குள் நடந்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் பெரிதாகப் படித்தவர்கள் அல்ல. இருவரும் விசுவமடுப் பக்கம். 2008ல் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடத்தோடு எங்கள் படிப்பும் நின்றுபோனது. இங்கே பார்க் றோயலில் சாப்பாட்டுச் சாமான்கள் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. ஒருவருக்கு இரவு, மற்றவருக்குப் பகல். எட்டு வயதுப் பிள்ளையை மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். சனி இரவு மட்டும்தான் மூன்று பேரும் ஒன்றாகப் படுக்கிற இரவு.

பார்க் றோயலுக்கும் அல்பேட்டனுக்கும் இடையில் பஸ் ஓடுகிறது. ஆனால் மழை இல்லாத நாளில் நாங்கள் கால்வாய்க் கரையால் நடப்போம். 1801ல் சரக்குப் படகுகளுக்காகத் திறந்த கால்வாய் அது. ஓரிடத்தில் நோர்த் சேர்க்குலர் பெருவீதிக்கு மேலால் பாலம் கட்டி, அந்தப் பாலத்துக்குள்ளே தண்ணீரைக் கொண்டுபோகிறார்கள். கீழே லொறிகள் இரைந்துகொண்டு ஓடும். மேலே தாராக்கள் ஒன்றும் தெரியாததுபோல நீந்தும்.

அந்தக் கரையில்தான் முதன்முதல் அதைக் கண்டோம். விடியாத குளிர்காலக் காலை. முன்னுக்கு ஒரு நாய் நடந்து போகிறது என்று நினைத்தோம். நாய் என்றால் பின்னால் சொந்தக்காரர் வரவேண்டுமே! ஒருவரையும் காணவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அது திரும்பிப் பார்த்தபோது இரண்டு கண்களும் பச்சையாக மின்னின. செம்பட்டை உடம்பு, கறுத்தக் கால், பொம்மென்ற வால், வால் நுனியில் வெள்ளை. எங்களைப் பார்த்து ஓடவும் இல்லை, உறுமவும் இல்லை. வேலைக்குப் போகிற ஆளைப்போலத் தன்பாட்டுக்கு வேலிக்குள்ளால் நுழைந்து போய்விட்டது.

நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அன்று தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகி, இரண்டு மணித்தியாலம் முந்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு மணித்தியாலச் சம்பளமும் வெட்டப்பட்டது. நல்லதோ கெட்டதோ, நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாங்கள் ஊரில் நரி என்று சொன்னது இந்த மிருகத்தை அல்ல என்பதைப் பிறகுதான் அறிந்தோம். வன்னியில் இரவில் கூட்டமாக ஊளையிடுவது நாய்க்கும் ஓநாய்க்கும் கிட்டிய சொந்தம். சாம்பலும் மண்ணும் கலந்த நிறம். இங்கே உள்ளது செந்நரி. அது வேறு இனம். இலங்கையில் இல்லை. இது கூட்டமாக வேட்டைக்குப் போவதும் இல்லை. எடை 5 முதல் 7 கிலோ வரைதான். வால் மயிரால்தான் பெரிதாகத் தெரிகிறது. தமிழில் இரண்டையும் நரி என்றே சொல்லுகிறோம். அதனால் பயத்தையும் ஊரிலிருந்தே கொண்டுவந்துவிட்டோம்.

இனி அந்தச் சனி இரவுக்கு வருகிறோம். போன வருடம் தை மாதம். இரவு இரண்டு மணி இருக்கும். பின்வளவில் ஒரு பெண் அலறும் சத்தம். ஒரு முறை அல்ல. நெஞ்சைப் பிய்க்கிற மாதிரித் திரும்பத் திரும்ப. எங்களுக்கு அது எந்த நாடு, எந்த வருடம் என்று தெரியவில்லை. கண் முழித்தபோது இருவரும் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில். யார் இழுத்தது, எப்போது இழுத்தது என்று இன்றுவரை தெரியாது. 2009 மாசியிலும் பங்குனியிலும் பங்கருக்குள் எப்படிப் படுத்தோமோ, அப்படியே.

பிள்ளை அழவில்லை. சத்தத்துக்கு அது பயப்படவும் இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தது.

"அம்மா, ஏன் கட்டிலுக்குக் கீழ கிடக்கிறம்? அது நரியெல்லோ! ரீச்சர் சொன்னவ."

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. "ஒண்டுமில்லை, படு" என்று மட்டும் சொன்னோம். அதன்பின் ஒரு கிழமை பிள்ளை விளக்கை அணைக்க விடவில்லை. முன்பு இருட்டில் தனியே படுத்த பிள்ளை. நாங்கள் கடல் கடந்து வந்ததே எதைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்றோ, அதை ஒரே இரவில் கொடுத்துவிட்டோம்.

வலது பக்க வீட்டில் தனியே இருக்கும் வயோதிப மாதுதான் எங்களுக்கு வடிவாக விளங்கப்படுத்தினார். மார்கழி, தை, மாசி நரிகள் சோடி சேரும் காலமாம். அப்போதுதான் பெண்நரி அப்படிக் கத்துமாம். தான் சிறு பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே இந்தச் சத்தம் கேட்கிறாராம். "எனக்கும் முதல் முறை கேட்டபோது பொலிசைக் கூப்பிடவேண்டும்போல் இருந்தது" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்களுக்கு வேறு என்ன நினைவு வந்தது என்று அவருக்குச் சொல்லவில்லை.

பிள்ளையோடு நூல்நிலையத்துக்குப் போய், பிள்ளை வாசிக்க நாங்கள் கேட்டு, இன்னும் பல விஷயங்களை அறிந்தோம். இந்த வெம்பிளிப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் வயலும் புல்வெளியும்தான். 1920களிலும் 1930களிலும் ரெயில் பாதையைத் தொடர்ந்து, ஒரு சுவருக்கு இரண்டு வீடாக ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீளமான வளவு, செடி, பலகைக் கொட்டில். மனிதருக்கென்று கட்டியது நரிக்கும் வாய்த்துவிட்டது. 1930களில் இருந்தே அவை இந்தப் புறநகர்களில் குடியேறிவிட்டன. முன்பு சில கவுன்சில்கள் நரிகளைக் கொன்று பார்த்தன. ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்தது. கடைசியில் கைவிட்டுவிட்டார்கள்.

2011ல் லண்டனில் ஷார்ட் என்ற வானளாவிய கட்டிடம் கட்டிக்கொண்டிருந்தபோது, 72ஆம் மாடியில் ஒரு நரியைப் பிடித்தார்களாம். கட்டிட வேலையாட்கள் விட்ட மிச்சச் சாப்பாட்டைத் தின்று அங்கே சீவித்திருக்கிறது. இதைத் தொழிற்சாலையில் சொன்னபோது, "வாடகை இல்லாமல் லண்டன் நடுவிலை இருந்திருக்கு, கெட்டிக்காரன்" என்றார் எங்களோடு வேலை செய்யும் ஓர் அண்ணர்.

சித்திரை கடைசியில் எங்கள் பின்வளவுக் கொட்டிலுக்குக் கீழே இருந்து நான்கு குட்டிகள் வெளியே வந்தன. பங்குனியில் பிறந்திருக்கவேண்டும். பிறந்து நாலு கிழமைக்குப் பிறகுதான் வெளியே தலை காட்டுமாம். குசினி விளக்கை அணைத்துவிட்டு யன்னலோடு மூன்று பேரும் நின்று பார்த்தோம். பிள்ளையின் பழைய சப்பாத்து ஒன்றை இழுத்துப் பிய்த்து விளையாடின. தாய் நரி மெலிந்து, விலா எலும்பு தெரிய, ஒரு கரையில் காவல் படுத்திருந்தது. பாட்டி வடை சுட்ட கதையில் வரும் தந்திரக்கார நரியை அதன் முகத்தில் நாங்கள் காணவில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு தேடிக் களைத்த ஒரு தாயைத்தான் கண்டோம்.

ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்கவில்லை. இடது பக்க வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் சத்தம் போட்டார். குப்பைப் பைகள் கிழிந்து றோட்டெல்லாம் கிடப்பதற்கு நாங்கள்தான் காரணமாம். சொன்னதில் பாதி உண்மை. மீன் தலை, ஆட்டெலும்பு, கோழிக் கழிவு எல்லாவற்றையும் பையில் கட்டி இரவே வெளியே வைத்தது நாங்கள்தான். நரிக்கு அது கலியாண வீட்டுப் பந்தி. எங்கள் ஆட்கள் வீடுகளில் இந்தத் தவறு நிறைய நடக்கிறது என்பதால்தான் வெளிப்படையாக எழுதுகிறோம்.

வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, இறைச்சிக்குள் நஞ்சு வைத்தால் அலுவல் முடிந்தது என்றார். நாங்கள் பயந்துபோனோம். நரிக்கு நஞ்சு வைப்பது இந்த நாட்டில் சட்டவிரோதம். எங்கள் வதிவிட அனுமதிக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்தது. குட்டிகள் உள்ளே இருக்கும்போது பொந்தை அடைத்தால் அவை துடித்துச் சாகும். அதுவும் குற்றமாகலாம். வீட்டுக்காரரோடு எதிர்த்துக் கதைப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. வீட்டை விடச் சொன்னால் எங்கே போவது? என்றாலும் அன்று முதல்முறையாக, "இல்லை ஐயா, குட்டிகள் வளர்ந்து தாங்களாகப் போகட்டும். போன பிறகு நாங்களே அடைத்துத் தருகிறோம்" என்று சொன்னோம். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். பிள்ளை கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அன்று இரவு தானாக எழும்பி விளக்கை அணைத்தது.

எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். சாப்பாட்டுக் கழிவை மூடி பூட்டுகிற வாளியில் போடுங்கள். குப்பைப் பை வைக்கிற இடமாக இருந்தால் விடிய வையுங்கள், இரவில் வேண்டாம். வெயில் காலத்தில் பின்கதவைத் திறந்துவிட்டுக் குழந்தையைத் தனியே படுக்கவிடாதீர்கள். நரி மனிதரைக் கடிப்பது மிக அரிது. ஆனாலும் 2010ல் ஹக்னியில் வீட்டுக்குள் தூங்கிய குழந்தைகளை நரி கடித்த சம்பவம் நடந்திருக்கிறது. எங்கள் ஊர் நரியைப்போல விசர்நோய்ப் பயம் இங்கே இல்லை. இந்த நாட்டு நரிகளிடம் அந்த நோய் கிடையாது. கையால் சாப்பாடு தீத்தாதீர்கள். அடுத்த வீட்டு யன்னலிலும் போய்க் கைநீட்டும். பழி அதற்குத்தான் வரும்.

ஆவணி போய்ப் புரட்டாதி வந்தபோது குட்டிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வளர்ந்த குட்டிகள் தங்களுக்கென்று இடம் தேடிப் போகிற காலம் அது. சொன்னபடி, உள்ளே ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கொட்டிலின் அடியைக் கல்லும் கம்பிவலையும் வைத்து அடைத்துக் கொடுத்தோம். ஐப்பசியில் ஒரு காலை நோர்த் சேர்க்குலர் கரையில் இளம் நரி ஒன்று கார் அடித்துக் கிடந்தது. எங்கள் வளவில் விளையாடியதோ என்னவோ. நகரத்து நரிகளில் பெரும்பாலானவை இரண்டு வயதுகூடக் காண்பதில்லை. சாவதில் அதிகம் வாகனத்தால். நோயும் விடுவதில்லை. 1994ல் பிரிஸ்டல் நகருக்குச் சொறி நோய் வந்து, இரண்டு வருடத்தில் அங்கிருந்த நரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செத்துப்போயின. பிறகு மெல்ல மெல்லத் திரும்பவும் பெருகின. செத்த நரியைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்வதா விடுவதா என்று யோசித்தோம். சொன்னோம். கொஞ்சம் அழுதது. பிறகு ஒரு நரியின் படம் கீறிக் குளிர்பெட்டியில் ஒட்டியது.

இந்த வருடம் தை மாதம், ஒரு சனி இரவு, அந்த அலறல் திரும்பவும் கேட்டது. பொய் சொல்லக்கூடாது, எங்கள் நெஞ்சு முன்புபோலவே அடித்தது. கைகள் தாங்களாகவே பிள்ளையைத் தேடின. ஆனால் கட்டிலை விட்டு நாங்கள் இறங்கவில்லை. "நரிதான், பெண்நரிதான்" என்று ஒருவருக்கொருவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு, சத்தம் கால்வாய்ப் பக்கம் போய் அடங்கும்வரை படுத்திருந்தோம்.

பிள்ளை எழும்பவே இல்லை. நல்ல நித்திரை.